துண்டுக்குள் சொன்ன தீர்ப்பு

என் வீட்டுக்காரர் தோல் தரகர். அவர் பேரைச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. யாருடைய பேரையும் வெளியே விடாமல் இருப்பதுதான் அவருடைய தொழிலுக்கும் உயிர். ஆகையால் இதில் வருகிற ஒருவருக்கும் பேர் கிடையாது. படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டாம், பழகிக்கொண்டால் போதும்.

ஆம்பூரில் நாங்கள் இருந்த வீட்டின் முன்பக்கம் மண்டி, பின்பக்கம் குடித்தனம், நடுவில் முற்றம். முற்றத்தில் உப்புப் போட்ட பச்சைத்தோல் அடுக்கடுக்காக இருக்கும். அதன் வாசனையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அப்படி ஒரு வாசனை இருப்பதே தெரியாது. என் நாத்தனார் கல்யாணமாகி மதராசுக்குப் போனவள், முதல் தடவை தாய்வீட்டுக்கு வந்தபோது, "அங்க காத்துல ஒண்ணுமே இல்ல அண்ணி, மூச்சு வுடவே புடிக்கல" என்று சொன்னாள்.

மண்டியில் விலை பேசும் விதத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். தோல் கொண்டுவருகிறவரும் வாங்குகிறவரும் நேருக்கு நேர் விலை பேசமாட்டார்கள். தரகர் நடுவில் உட்கார்ந்து வலது கையை நீட்டி அதன்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார். ஒருவர் துண்டுக்குள் கையை விட்டுத் தரகரின் விரலைப் பிடிப்பார். எந்த விரல், எத்தனை விரல், எப்படிப் பிடிக்கிறார் என்பதுதான் விலை. அந்த நேரத்தில் வாய் வேறு எதையாவது பேசிக்கொண்டிருக்கும். மழை வருமா, மருமகன் வந்தானா, மூலத்துக்கு என்ன மருந்து என்று போகும். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. துண்டுக்குள் யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தரகர் உயிர் போனாலும் வெளியே விடக்கூடாது. இவர் என்னிடமே விட்டதில்லை. பழக்கம் முற்றிப்போய், ஒருநாள் தெருவில் கத்தரிக்காய் விற்க வந்தவளிடம் விலை கேட்கத் துண்டோடு கையை நீட்டிவிட்டார். அவள் பதிலுக்குக் கேட்டதை இங்கே எழுத முடியாது. தெருவில் எல்லோருக்கும் தெரியும், வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளலாம்.

அவருக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது, கோர்ட்டுப் பைத்தியம். எப்போதோ ஒரு சரக்குத் தகராறில் சாட்சி சொல்ல வேலூருக்குப் போயிருந்தார். அங்கே வெள்ளைக்காரத் துரை தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் குடித்ததைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஊரில் யார் சண்டை போட்டாலும் இவர் நடுவில் போய் நிற்பார்.

"தொர தண்ணி குடிச்சிட்டு, மூச்சு வாங்கிட்டு, அப்பறம்தான் வாயத் தொறக்கறாரு. கோவத்துல ஒரு வார்த்த வராது. அதான் கோர்ட்டு."

வீட்டிலும் இதே கதைதான். குழம்பில் உப்பு ஜாஸ்தியாக இருந்தால்கூட ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொல்வார். உப்பு ஜாஸ்தியானால் யார்தான் தண்ணீர் குடிக்கமாட்டார்கள் என்று நான் கேட்பேன். அவர் இன்னொரு வாய் குடிப்பார்.

ஒரு கோடைகாலத்தில் மலையோரத்துக் கிராமங்களில் மாடுகள் திடீர் திடீரென்று செத்தன. தோல் விலை ஏறியிருந்த சமயம் அது. விலை ஏறினால் தோல் வாங்குகிறவர்களே மாட்டுக்கு விஷம் வைத்துவிடுகிறார்கள் என்று கிராமத்தாருக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. அப்படியிருக்க, மாடு செத்த அன்றைக்கே ஒரு புது ஆள் குடையும் பையுமாக ஊருக்குள் வந்து, "செத்த மாட்டுத் தோல் இருக்குங்களா?" என்று வீடு வீடாகக் கேட்டால் என்ன ஆகும்? பிடித்துவிட்டார்கள். பையைக் கொட்டிப் பார்த்தால் ஒரு காகிதப் பொட்டலத்தில் வெள்ளைத் தூள். பாஷாணம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கையைப் பின்னால் கட்டி, நேரே எங்கள் மண்டிக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். தோல் வாங்குகிற ஆட்கள் எல்லோரையும் இவருக்குத் தெரியும் என்பதால் வந்தார்கள்.

நான் முற்றத்துக் கதவண்டை நின்று பார்த்தேன். ஆள் ஒல்லி. சட்டை கிழிந்து, உதட்டில் ரத்தம். அவனுடைய குடையை ஒருவர் விரித்துத் தன் தலைக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். வெயில் அப்படி.

"தரகரே, இவன ஒங்களுக்குத் தெரியுமா?"

இவர் அந்த ஆளை மேலும் கீழும் பார்த்தார். "தெரியாது" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தினமும் விற்கிறவரிடம் ஒரு பொய், வாங்குகிறவரிடம் ஒரு பொய் என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அன்றைக்கென்று பார்த்து அந்த மனுஷன் வாயில் உண்மை வருகிறது.

"அப்பறம் இன்னா? கொன்னு போடுங்கடா!"

"போலீஸ்ல குடுக்கலாம்" என்றார் இவர்.

"குடுத்தா? ரெண்டு மாசம் களி துன்னுட்டுக் கொழுத்து வருவான். செத்த மாடு வருமா?"

கட்டுண்ட ஆள் அழுதுகொண்டே சொன்னான்: "ஐயா, நான் காவேரிப்பாக்கங்க. அது சோடா உப்புங்க. எனக்கு வாய்வு. குடுங்க, இங்கியே துன்னு காட்றேன்."

எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கூட்டத்தில் ஒருவர், "குடுக்காதீங்க, துன்னுட்டு அவனே செத்துட்டா அப்பறம் நாம இன்னாத்தக் கொல்றது?" என்றார். இன்னொருவர், பாஷாணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று உடம்பைப் பழக்கியிருப்பான் என்றார். பொட்டலத்தை வைத்திருந்தவர் இதைக் கேட்டதும் அதைக் கீழே வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கொல்வது என்று முடிவாகிவிட்டது. எப்படி என்பதில்தான் பேஜார் ஆரம்பமானது. பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பில் மயிர் உதிர்வதற்காகத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழி இருந்தது. அதில் தள்ளிவிடலாம் என்றார்கள். சத்தம் கேட்டு வந்திருந்த அந்த ஷாப்பு மேஸ்திரி குறுக்கே விழுந்தார்.

"நல்லா இருக்குதே ஞாயம்! உள்ள நல்ல சரக்கு ஊறுது. இவன் வுழுந்து கால ஒதறினா தோலெல்லாம் கீறிப் பூடும். மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது? நீயா? கொல்லணும்னா தாராளமா கொல்லுங்க, நானும் கூட நிக்கிறேன். குழி மட்டும் கேக்காதீங்க."

சரி, புளியமரத்தில் தொங்கவிடலாம் என்றார்கள். மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார். அதுவரை எல்லோரையும்விட உரக்கக் கத்திக்கொண்டிருந்தவர் அவர்தான். "அந்தப் புளிய அப்பறம் எவன் வாங்குவான்?" என்று சொல்லிவிட்டு அடங்கிப்போனார். கயிறு கேட்டபோது வண்டிக்காரர், தன் கயிறு மாட்டுக்கு வாங்கினது, மனுஷன் கழுத்தில் போட்டதை மறுபடி மாட்டுக்குப் போட மனசு வராது என்றார். கடைசியில் ஒன்றும் வேண்டாம், ஆளுக்கு ஒரு அடி அடிப்பது என்று தீர்மானம். முதல் அடி யார் அடிப்பது? அங்கேதான் எங்கள் பக்கத்து மனுஷர்களின் மரியாதை வெளிப்பட்டது.

"பெரியவங்க நீங்க ஆரம்பிங்க."

"எனக்கு ஒரே மாடுதான் போச்சி. அவருக்கு ரெண்டு. மொற அவருதுதான்."

இரண்டு மாடும் போனவர் கூட்டத்தில் சேராமல் எங்கள் சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தார். அவர் ஒருவர்தான் அன்றைக்குக் கத்தாதவர். மடியில் ஒரு மணிக்கயிறு, மாட்டுக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது. "அடிங்க, எதுனா பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அழுதார். இந்தக் கூட்டத்தில் யாராவது நிஜமாகவே கொன்றுவிடுவார்கள் என்றால் அது சுவரோரம் உட்கார்ந்து அழுத அவராகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

கூட்டம் இப்படியே மரியாதை பேசிக் கலைந்துவிடும் என்று யாரும் நினைக்கவேண்டாம். கூச்சல் ஏறிக்கொண்டேதான் இருந்தது. பின்னால் நின்ற ஒருவன் எறிந்த கல் அந்த ஆளின் காதைக் கிழித்துக்கொண்டு போனது. இனி ஒரே ஒரு கல் போதும், எல்லோர் கையும் தானாக எழும். அது எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் இவர் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். விலை பேச உட்கார்வதுபோல் மணைமேல் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"கொல்லணும்னா கொல்லலாம். ஆனா ஆட்டுத்தோல் வெலயவே துண்டுக்குள்ள பேசற ஊர்ல, ஒரு உசுரோட வெலயக் கூச்சல் போட்டாப் பேசறது? ஒருத்தர் ஒருத்தரா வாங்க. முழுக்கையப் புடிச்சா இங்கியே முடிச்சிடலாம். ஒத்த வெரலப் புடிச்சா போலீசு. யாரு இன்னா புடிச்சாங்கன்றது என்னோட மண்ணுக்குப் போவும்."

தொழில் மரியாதை என்று வந்தபிறகு மறுக்க முடியுமா? முதலில் மேஸ்திரி வந்தார். "இன்னா துண்டு, இன்னா கிண்டு, கொல்ல வேண்டியதுதான்" என்று சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டார். அடுத்தவர் அதைவிட உரக்க. புளியமரக் குத்தகைக்காரர், வண்டிக்காரர், மாடு இழந்தவர்கள் எல்லோரும் வரிசையாக வந்தார்கள். குடைக்காரர் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டே மறுகையை விட்டார். சுவரோரம் இருந்தவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள்.

கடைசியில் நான் போனேன். "எனக்கும் ஒரு கை உண்டு" என்றேன்.

"பொம்பளைக்கு இன்னா இதுல?" என்றது ஒரு குரல்.

"பொணம் வுழுந்தா இந்த முத்தத்தக் கழுவப் போறது நீயா?" என்றேன். புருஷன் கையைப் பெண்டாட்டி பிடிப்பதில் யாருக்கும் ஆட்சேபம் சொல்ல வழி இல்லை. நான் ஒற்றை விரலைப் பிடித்தேன். "தெரியாது" என்று சொன்னதற்காக அதை ஒரு முறுக்கும் முறுக்கினேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். பாவம், அதுவும் தொழில்தான்.

மற்றவர்கள் எதைப் பிடித்தார்கள் என்று அவர் சாகிறவரை சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கண் இருக்கிறது. அந்த மண்டியில் வருஷக்கணக்காகத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். முழுக்கையைப் பிடித்தால் துண்டின் நடுவில் மேடு எழும்பும். ஒற்றை விரலென்றால் ஓரத்தில் லேசாக அசையும், அவ்வளவுதான். அன்றைக்குக் கடைசிவரை அந்தத் துண்டின் நடு இஸ்திரி போட்டதுபோல் படுத்திருந்தது, ஓரம்தான் அசைந்தது.

இவர் கையை வெளியே எடுத்தார். என்னைப் பார்த்து, "தண்ணி" என்றார். செம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார். மூச்சு வாங்கினார். "போலீசு" என்றார்.

உடனே எழுந்த கூச்சலைக் கேட்கவேண்டுமே! "எவன்டா அது? எவன்டா அந்தத் தொடநடுங்கி?" என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். எல்லோரும் கேட்டார்கள். கேட்டுக்கொண்டே, ஒருவர்கூடத் தடுக்காமல், எல்லோரும் ஒன்றாகவே அந்த ஆளை ஸ்டேஷனுக்கு நடத்திப் போனார்கள். குடைக்காரர் குடையை அந்த ஆளின் தலைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பொட்டலம் பரிசோதனைக்கு மதராசுக்குப் போய்ப் பல வாரம் கழித்துத் திரும்பிவந்தது. அது சோடா உப்பு. மாடுகள் செத்தது வெக்கை நோயில் என்று மாட்டு டாக்டர் எழுதிக்கொடுத்தார். ஆளை விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் அவர் முதல் காரியமாக எங்கள் மண்டிக்கு வந்தார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நான் காப்பி போட்டேன். குடை எங்கே என்று கேட்க வந்திருந்தார். குடை கிடைக்கவில்லை. அது போலீசில் இருக்கிறது என்று குடைக்காரரும், ஊரில் இருக்கிறது என்று போலீசும் சொன்னார்கள். ஆனால் அந்த மனுஷர் அதன்பிறகு வருஷா வருஷம் எங்களிடம் வந்து தோல் வாங்கினார். அதே கிராமத்துக்காரர்கள் அவருக்கே விற்றார்கள். எங்கள் வீட்டு மோரில் சோடா உப்பைக் கலக்கிக் குடித்துவிட்டுப் பெரிதாக ஏப்பம் விடுவார். அந்த ஏப்பத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வரும். அன்றைக்கு இன்னொரு கல் பறந்திருந்தால் இந்தச் சத்தம் உலகத்தில் இல்லை.

ஊரில் கதை வேறு மாதிரி வளர்ந்தது. கல்யாணப் பந்தியில், சந்தையில், எங்கே பார்த்தாலும் ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார்: "நான் முழுக்கையதான் புடிச்சேன். மத்தவனுங்க கால வாரிட்டானுங்க." ஆள் அப்பாவி என்று தெரிந்தபிறகும் இந்தப் பெருமை குறையவில்லை. இவர் அருகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே அப்பளத்தை நொறுக்குவார். வாயைத் திறக்கமாட்டார். அதனாலேயே அவருக்கு நம்பிக்கையான ஆள் என்ற பேர் வந்தது.

கோர்ட்டுப் பைத்தியம்தான் தலைக்கு ஏறிவிட்டது. "பாத்தியாமே, கோர்ட்டுன்னா நிதானம்."

"கோர்ட்டு இன்னா பண்ணிச்சி? சோடா உப்புன்னு கண்டுபுடிச்சிது. அத அந்த ஆளு மொத நாளே சொன்னான்."

"அவன் சொன்னா யாரு நம்பறது?" என்பார்.

சில வருஷம் கழித்து அவருக்கு வேலூர் செஷன்ஸ் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. குற்றவாளியாக அல்ல, அசெசராக. அந்தக் காலத்தில் கொலை வழக்கு நடந்தால் ஊரில் மதிப்பான ஆட்கள் சிலரைக் கூப்பிட்டு நீதிபதி பக்கத்தில் உட்காரவைப்பார்கள். விசாரணை முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் அபிப்பிராயத்தை எழுந்து சொல்லவேண்டும். துரை அதைக் கேட்டே ஆகவேண்டும் என்று இல்லை, ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் அதற்கு ஒரு கனம் உண்டு. இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மேஸ்திரியின் முதலாளியிடம் ஒரு கறுப்புக் கோட்டு இரவல் வாங்கினார். முதலாளி பருமன், இவர் ஒல்லி. கோட்டைப் போட்டுக்கொண்டு திரும்பினால் இவர் திரும்பிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோட்டு திரும்பும்.

நானும் கிளம்பினேன். என் அக்காள் வீடு வேலூர்க் கோட்டைக்குப் பக்கத்தில்தான். கோர்ட்டைப் பார்க்காமல் சாகக்கூடாது என்று இத்தனை வருஷமாகச் சொன்னது அவர்தானே. காட்பாடிவரை ரயில், அங்கிருந்து ஜட்கா. வழிநெடுக அபிப்பிராயம் சொல்வதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். ஜட்காக்காரன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

கோர்ட்டில் பின்பக்கத்துப் பெஞ்சில் பெண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். வழக்கு என்ன என்று அங்கேதான் தெரிந்தது. ஒரு குடியானவர். அவருடைய உழவுமாடு இரண்டும் ஒரே நாளில் செத்தன. அன்றைக்குத் தோல் கேட்டு வந்த ஒரு ஆளை, விஷம் வைத்தவன் இவன்தான் என்று நினைத்து, கையிலிருந்த நுகத்தடியால் ஒரு போடு போட்டிருக்கிறார். ஆள் விழுந்ததும் பயந்துபோய், அவரே அந்த ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். வழியிலேயே உயிர் போய்விட்டது. எங்கள் சுவரோரம் மணிக்கயிற்றோடு உட்கார்ந்திருந்தவர் மாதிரியே இருந்தார். அவர் அல்ல, ஆனால் அதே மாதிரி. எங்கள் முற்றத்தில் துண்டு விரிந்தது, அந்தக் குடியானவர் வீட்டுப் பக்கம் ஒரு தரகரும் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அடித்ததை அவரே ஒப்புக்கொண்டார். கொல்ல நினைத்து அடித்தாரா, கோபத்தில் கையை ஓங்கிவிட்டாரா என்பதுதான் கேள்வி. முதலாவது என்றால் தூக்கு. இரண்டாவது என்றால் ஜெயில், என்றைக்காவது திரும்பி வரலாம். கொல்ல நினைத்தவன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவானா என்று வக்கீல் கேட்டார். எனக்கு அதற்குமேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இடுப்பில் ஒரு குழந்தையோடு இருந்தாள். கூண்டில் நிற்பவரின் பெண்சாதி. முன்னால் உட்கார்ந்திருந்த மூன்று அசெசர்களைக் காட்டி, "அவங்கல்லாம் யாருக்கா?" என்று கேட்டாள்.

"அபிப்பிராயம் சொல்றவங்க. அந்தக் கோட்டு தொளதொளன்னு இருக்குதே, அவரு எங்க வூட்டுக்காரரு" என்றேன்.

அவள் அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்ல மொகமா இருக்காருக்கா" என்றாள். பிறகு குழந்தைக்கும் அவரைக் காட்டினாள்.

வாதம் எல்லாம் முடிந்தது. துரை இங்கிலீஷில் கேட்டதைத் துபாஷி தமிழில் உரக்கக் கேட்டான். முதல் அசெசர் ஒரு பெரிய தோல் ஷாப்பு முதலாளி, கோட்டுக் கொடுத்தவர் அல்ல. தோல் வாங்க ஊர் ஊராக ஆள் அனுப்புகிறவர். ஆட்களை இப்படி அடித்துப்போட்டால் நாளைக்கு எவன் போவான் என்ற கவலை அவருக்கு. "கொலைதான்" என்றார், கணீரென்று. இரண்டாமவர் ஏதோ கிராமத்து மிராசுதார். மத்தியானத்திலிருந்து தூங்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு எழுந்து, "அவங்க சொன்னாப்பலதான்" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவர் முறை வந்தால் சரியாகிவிடும் என்ற தைரியம் எனக்கு.

இவர் எழுந்தார். கோட்டு கொஞ்சம் பின்னாலேயே எழுந்தது. துரை பேனாவைப் பிடித்தபடி இவர் முகத்தைப் பார்த்தார். துபாஷி பார்த்தான், கூண்டில் நின்றவர் பார்த்தார், முதலாளி தலையைத் திருப்பி நன்றாகவே பார்த்தார். அந்த முதலாளியின் ஷாப்புக்குத்தான் எங்கள் சரக்கில் பாதி போகிறது. அப்போது இவருடைய வலது கை மெல்ல முன்னால் நீண்டது. கத்தரிக்காய்க்காரியிடம் நீண்ட அதே கை. துபாஷியின் பக்கமாக, உள்ளங்கை மேலே பார்த்து, காற்றில் கொஞ்ச நேரம் நின்றது. துபாஷிக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"கொலைதான்" என்றார் இவர்.

துரை எழுதிக்கொண்டார். கண்ணாடிக் குவளையை எடுத்துத் தண்ணீர் குடித்தார். நிதானமாக, ஒரு சொட்டு சிந்தாமல். பிறகு தூக்கு என்றார். மதராஸ் ஹைகோர்ட்டு ஒப்புக்கொண்டால்தான் நடக்கும் என்று துபாஷி சொன்னான். பின்னால் ஒப்புக்கொண்டது.

கோபத்தில் ஒரு வார்த்தை வராது என்று இவர் சொன்னது உண்மைதான். அங்கே ஒருவருக்கும் கோபமே இல்லை. அன்றைக்கு எங்கள் முற்றத்தில் அத்தனை பேருக்கும் கொலைவெறி இருந்தது, ஒருவருக்கும் கொல்லக் கை எழவில்லை. இங்கே கோர்ட்டில் குழியைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்ல ஒரு மேஸ்திரி இல்லை, கயிற்றைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்ல ஒரு வண்டிக்காரர் இல்லை. எல்லாம் சர்க்கார் செலவில் தயாராக இருக்கிறது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. ஆனாலும் எங்கள் முற்றத்தில் பறந்த கல்லை நினைத்தால், அந்தக் கூட்டத்தின் கையில் நியாயத்தைக் கொடு என்றும் எனக்குச் சொல்ல வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

அக்காள் வீட்டுக்கு நடந்தே வந்தோம். வழியில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று புரியும். சாயங்காலம் இலை போட்டு அக்காள் கூப்பிட்டாள். இவர் உட்கார்ந்தார், சாப்பிடவில்லை. தண்ணீர்ச் செம்பைத் தொடக்கூட இல்லை. கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

நான் எதிரில் உட்கார்ந்தேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தேன். என் வலது கையை நீட்டி அதன்மேல் போட்டுக்கொண்டேன்.

கோட்டின் நீண்ட கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு கையை உள்ளே விட்டார். என் ஒற்றை விரலைப் பிடித்தார்.

"இத அங்க சொல்றதுக்கு இன்னா?" என்று கத்திவிட்டேன். அக்காள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்கமே" என்றார். "அங்க யாரும் துண்டு போடல."

விரலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார், சோறு ஆறிப்போனது. அந்தப் பெண் அவரைப் பார்த்து "நல்ல மொகம்" என்று சொன்னதை அவர் இருந்தவரை நான் அவரிடம் சொல்லவே இல்லை.